தோளுக்கு லீவு கொடுங்கள்: சக்கர நாற்காலி கேள்வி–பதில்

ஜவுளிக்கடைக் கணக்கர், கரூர்: ஒன்பது வருஷமாக வீல்சேர். கால் போனாலும் கை இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இப்போது வலது தோளும் வலிக்கிறது. இது என் தலையெழுத்தா மேடம்?

தலையெழுத்து இல்லை சார், வேலைப்பளு. தண்டுவடம் பாதிக்கப்பட்டு, கையால் சக்கர நாற்காலி ஓட்டுகிறவர்களில் 30 முதல் 70 சதவீதம் பேருக்குத் தோள்வலி இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அத்தனை பேருக்கும் ஒரே தலையெழுத்து இருக்காது. ஒரே வேலை இருக்கிறது. ஓட்டும்போது ஏறக்குறைய நொடிக்கு ஒரு தள்ளு. வீடு, கடை, தெரு எல்லாம் சேர்த்து நாளைக்கு 40 நிமிஷம் ஓட்டினாலே 2,400 தள்ளு. வருஷத்துக்கு எட்டே முக்கால் லட்சம். கட்டில், கழிப்பறை, ஆட்டோ என்று உடம்பைத் தூக்கி மாற்றுவது தனிக்கணக்கு. தள்ளின் எண்ணிக்கையைக் குறைக்கணும், ஒவ்வொரு தள்ளின் விசையையும் குறைக்கணும். இந்த வாரம் எல்லாக் கேள்விக்கும் என் பதில் இந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

நர்சிங் மாணவி, மதுரை: இடுப்பு மூட்டு ஆயுசு முழுக்க உடம்பைத் தாங்குகிறது. தோள் மட்டும் ஏன் சீக்கிரம் மக்கர் பண்ணுகிறது?

இடுப்பில் தொடை எலும்பின் தலை ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படி இல்லை. சின்னத் தட்டின் மேல் எலுமிச்சம்பழத்தை நிறுத்தினால் எப்படியோ அப்படித்தான் மேற்கை எலும்பின் தலை நிற்கிறது. அது சரியாமல் பிடித்துக்கொள்வது ‘ரொட்டேட்டர் கஃப்’ எனப்படும் நான்கு சின்னத் தசைகள். கை எட்டுத் திசையும் சுழல வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. எட்டிப் பிடிக்கப் படைத்த மூட்டை எடை சுமக்க வைக்கிறோம். அதனால் அதற்குக் கூடுதல் கவனிப்பு கடமை.

டியூஷன் ஆசிரியர், திருநெல்வேலி: சக்கரத்தின் கைவளையமான ரிம்மைத் தள்ளும்போது தோளுக்குள் என்னதான் நடக்கிறது?

ஒரே ஒரு தள்ளை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். கை பின்னால் போய், ரிம்மின் உச்சிக்குச் சற்றுப் பின்னே பிடிக்கிறது. அந்த நேரத்தில் மேற்கை பின்னுக்கு இழுபட்டு, உள்பக்கமாகத் திரும்பி, விலாவை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறது. முன்தோள் தசையும் மார்புத் தசையும் சுருங்க, கை ரிம்மை முன்னோக்கியும் கீழ்நோக்கியும் அழுத்துகிறது.

நீங்கள் ரிம்மைக் கீழே அழுத்தினால், ரிம் உங்கள் கையை அதே விசையோடு மேலே தள்ளும். அந்த விசை மணிக்கட்டிலும் முழங்கையிலும் ஏறி வந்து, மேற்கை எலும்பின் தலையை மேல்நோக்கி உந்துகிறது. அதற்கு நேர்மேலே ‘அக்ரோமியன்’ என்ற எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம். அந்த இடுக்கில்தான் சுப்ராஸ்பினாட்டஸ் என்ற தசையின் நார் ஓடுகிறது. ரொட்டேட்டர் கஃப் தெம்பாக இருக்கும்வரை எலும்புத் தலையைக் கீழே இழுத்துப் பிடித்து நாரைக் காப்பாற்றும். அது களைத்துவிட்டால் தலை மேலேறும், நார் நசுங்கும். ஒரு நாள் நசுங்கினால் வலி. வருஷக்கணக்கில் நசுங்கினால் நார் வீங்கி, நைந்து, கிழியவும் செய்யும்.

கல்லூரி மாணவர், சேலம்: ஓங்கித் தள்ளினால்தானே வேகம்?

ஓங்கித் தள்ளினால் வலி. நீட்டித் தள்ளினால் வேகம். ரிம்மைச் சட்டென்று குத்தி விடாதே தம்பி. பின்னால் பிடித்து முன்னால் நன்றாக வரும்வரை கூடவே போ. அதே வேகத்துக்குக் குறைந்த தள்ளு போதும், ஒவ்வொரு தள்ளின் உச்ச விசையும் குறையும்.

வங்கி ஊழியர், தஞ்சாவூர்: தள்ளி முடித்த பிறகு கையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? ஆளுக்கு ஒரு விதமாகச் செய்கிறார்களே?

ஆளுக்கு ஒரு விதம் இல்லை சார், ஆராய்ச்சியாளர்கள் நான்கு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். ரிம்மை ஒட்டியே கையைப் பின்னுக்குக் கொண்டுவருவது ஒன்று. ரிம்முக்கு மேலே தூக்கி ஒரு வளையம் போட்டுக் கொண்டுவருவது இரண்டாவது. மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம் போடுவது மூன்றாவது. தள்ளி முடித்ததும் கையைத் தளரவிட்டு, ரிம்முக்குக் கீழே அரைவட்டமாகத் தொங்கவிட்டுப் பின்னுக்குக் கொண்டுவருவது நான்காவது.

சமதரையில் இந்த அரைவட்ட முறைதான் நல்லது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் அமைப்பின் ஆதரவில் 2005-இல் வந்த மருத்துவ வழிகாட்டியும் இதையே பரிந்துரைக்கிறது. கை கீழே தொங்கும்போது தோளுக்கு அரை நொடி ஓய்வு. ரிம்மைப் பிடித்திருக்கும் தூரமும் கூடுகிறது, நிமிஷத்துக்கான தள்ளும் குறைகிறது. சாய்தளம் ஏறும்போது மட்டும் ரிம்மை ஒட்டிய முதல் முறை. அங்கே கையை எடுத்தால் வண்டி பின்னால் உருளும்.

பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, கோயம்புத்தூர்: சக்கரத்தைச் சுழற்றுவது தொடுகோட்டுத் திசை விசை மட்டும்தான். அப்படியானால் முழு விசையையும் அந்தத் திசையிலேயே கொடுக்கப் பழகினால் தோளுக்கு நல்லதுதானே?

கணக்கு சரி, உடம்பு வேறு பதில் சொல்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு விசையின் திசையைக் காட்டிக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். திசை திருந்தியது, ஆனால் ஒரே வேலைக்கு உடம்பு செலவழித்த சக்தி கூடிவிட்டது. 2002-இல் வெளியான முடிவு இது. ரிம்மைக் கெட்டியாகப் பிடிக்கவும் கொஞ்சம் விசை வேண்டும். முழங்கைத் தசைகளும் தோள் தசைகளும் ஒன்றையொன்று எதிர்க்காமல் வேலை செய்யவும் வேண்டும். உடம்பு தேடிக்கொள்ளும் திசை பெரும்பாலும் நியாயமான சமரசம். திசையைத் திருத்த மெனக்கெடுவதை விட, தள்ளை நீட்டமாக்குவதில் கவனம் வை.

வாசகர், திண்டுக்கல்: இதையெல்லாம் எப்படி அளக்கிறார்கள்?

ரிம்முக்குள்ளேயே உணரிகளை வைத்து. ‘ஸ்மார்ட்வீல்’ என்ற அந்தச் சக்கரம், ஒவ்வொரு தள்ளிலும் கை எவ்வளவு விசையை, எந்தத் திசையில், எத்தனை நேரம் கொடுத்தது என்று பதிவு செய்யும். அதன் பின்னால் இருப்பவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பொறியாளர் ரோரி கூப்பர். அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது 1980-இல் சைக்கிள் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். 1988 சியோல் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர். வலிக்கிற இடம் தெரிந்தவரே அளவுகோலையும் செய்தார்.

இல்லத்தரசி, ஈரோடு: என் நாற்காலி எனக்குச் சரியான அளவுதானா? வீட்டிலேயே பார்க்க முடியுமா அம்மா?

இப்போதே பார்க்கலாம். நிமிர்ந்து உட்காருங்கள். கையை ரிம்மின் உச்சியில் வையுங்கள். முழங்கை 100 முதல் 120 டிகிரி மடிந்திருக்க வேண்டும். அதாவது செங்கோணத்தை விடக் கொஞ்சம் விரிந்து. அதற்கும் அதிகமாக மடிந்தால் இருக்கை தாழ்வு; ஒவ்வொரு தள்ளுக்கும் தோளை விரித்துத் தூக்க வேண்டியிருக்கும். கை நேராக நீண்டுவிட்டால் இருக்கை உயரம். ரிம்மின் சின்னத் துண்டுதான் கைக்கு எட்டும். இன்னொரு சோதனை: கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டால் நடுவிரல் நுனி சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும்.

இருக்கைத் துணி நடுவில் தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். துணி தொய்ந்தால் இடுப்பு சரியும், முதுகு கூனும், தோள் முன்னால் சுருளும். முன்னே சொன்ன ஒரு சென்டிமீட்டர் இடுக்கு இன்னும் குறுகும். தொய்வுக்கு அடியில் ஒரு பலகை, மேலே நல்ல குஷன். செலவு சின்னது, பலன் பெரியது.

சைக்கிள் மெக்கானிக், விருதுநகர்: பெரிய சக்கரத்தின் அச்சை முன்னால் நகர்த்தித் தரச் சொல்லி ஒருவர் கேட்கிறார். செய்யலாமா?

நாற்காலியில் அதற்கான துளைகள் இருந்தால் தாராளமாக. அச்சு முன்னால் வர வர உடம்பின் எடை பெரிய சக்கரத்தின் மேல் இறங்கும். முன்னாலுள்ள குட்டிச் சக்கரத்தின் பாரம் குறையும். குட்டிச் சக்கரம்தான் தரையோடு அதிகம் மல்லுக்கட்டுவது. கைக்கு எட்டும் ரிம்மின் நீளமும் கூடும். ஆனால் வண்டி பின்னால் சாயும் ஆபத்தும் கூடவே வரும். அதனால் ஒரே மூச்சில் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு துளையாக நகர்த்தி, பின்னால் ஒரு ஆளை நிறுத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சாய்வுத் தடுப்புக் குட்டிச் சக்கரத்தையும் மாட்டிவிடுங்கள்.

டீக்கடைக்காரர், நாகப்பட்டினம்: பஞ்சர் தொல்லை தாங்கவில்லை. கெட்டி ரப்பர் டயருக்கு மாறிவிடட்டுமா?

பஞ்சர் ஒட்டுவது மாதத்தில் ஒரு நாள் வேலை. கெட்டி டயரைத் தள்ளுவது தினமும். பொதுவாகக் காற்றடைத்த டயர்தான் லேசாக உருளும். வாரம் ஒரு முறை காற்றைச் சரிபாருங்கள். காற்று குறைந்த டயரும் தோளுக்குக் கூடுதல் சுமைதான்.

ஓய்வு பெற்ற தபால்காரர், ராமநாதபுரம்: முகாமில் கொடுத்த இரும்பு நாற்காலி. எல்லோருக்கும் ஒரே அளவு. இலவசமாக வந்ததைக் குறை சொல்லலாமா?

குறை சொல்லலாம் ஐயா, சொல்லவும் வேண்டும். மடக்கும் நாற்காலியின் கதை 1933-இல் அமெரிக்காவில் தொடங்குகிறது. சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போன பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்ட்டும் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும், காரில் மடக்கி வைக்கிற மாதிரி இரும்புக் குழாயில் ஒன்று செய்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விடுதலை. ஆனால் ஆஸ்பத்திரிகள் அந்த வடிவத்தையே பிடித்துக்கொண்டன. வார்டில் இன்னொருவர் தள்ளுவதற்கு ஏற்ற நாற்காலி, நாளெல்லாம் தானே ஓட்டுகிறவருக்கும் வந்து சேர்ந்தது.

அதை மாற்றியவர்களில் ஒருவர் கலிஃபோர்னியாவின் மெரிலின் ஹாமில்டன். 1978-இல் ஹேங் கிளைடர் விபத்தில் நடக்க முடியாமல் போனவர். கிளைடர் செய்யும் நண்பர்களிடம் அதே அலுமினியக் குழாயில் நாற்காலி செய்து தரச் சொன்னார். பழையது 20 கிலோவுக்கு மேல். இவர்களுடையது 12 கிலோ அளவில். நம் ஊரிலும் 2025-இல் சென்னை ஐ.ஐ.டி. 9 கிலோவில், ஆளின் அளவுக்கே செய்யப்படும் ‘ஒய்டி ஒன்’ நாற்காலியை அறிமுகப்படுத்தியது.

உலக சுகாதார அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியே, நாற்காலி ஆளுக்குப் பொருந்த வேண்டும், பயிற்சியும் தர வேண்டும், பின்னாளில் சரிபார்க்கவும் வேண்டும் என்கிறது. வசதி குறைந்த நாடுகளுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டி அது. அளவெடுக்காமல் கொடுப்பது உதவியில் பாதி. மீதிப் பாதியைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

விவசாயி, அரியலூர்: எங்கள் ஊரில் மண்பாதை. முன்சக்கரம் புதைந்துகொள்கிறது.

மெல்லிய குட்டிச் சக்கரம் மண்ணுக்கு ஆகாது. அகலமான, மெத்தென்ற சக்கரம் போடுங்கள். 1966-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், நிகரகுவா போன்ற நாடுகளில் நாற்காலி ஓட்டுகிறவர்களோடு உட்கார்ந்து இதற்கென்றே ‘ரஃப்ரைடர்’ நாற்காலியை வடிவமைத்தார். முன்சக்கரம் அகலமாக, நன்றாக முன்னே தள்ளி இருக்கும். கூடவே முன்சக்கரத்தைத் தூக்கிப் பெரிய சக்கரத்தில் நிற்கிற வித்தையை, பின்னால் ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள். பள்ளம் மேடு தாண்டத் தோளை முறிக்க வேண்டியிருக்காது.

கட்டிட மேஸ்திரி, காஞ்சிபுரம்: சாய்தளத்துக்கு 1-க்கு 12 என்கிறார்கள். இடம் கம்மியாக இருந்தால் 1-க்கு 6 வைத்தால் என்ன?

ஓட்டுகிறவரின் தோள் அதற்கு விலை கொடுக்கும். ஆள் 65 கிலோ, நாற்காலி 15 கிலோ, மொத்தம் 80 என்று வையுங்கள். வழவழப்பான சமதரையில் நகர்த்த ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 1-க்கு 12 சாய்வில் அதற்கு மேல் ஆறரைக் கிலோ. 1-க்கு 6 என்றால் 13 கிலோ. அதுவும் நிறுத்தாமல், ஒவ்வொரு தள்ளுக்கும். வாசற்படி 15 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் திருப்பிக் கட்டுங்கள், நடுவில் சமதளம் விடுங்கள். மேஸ்திரி, உங்கள் ஒரு நாள் வேலை ஒருவரின் பத்து வருஷத் தோளைக் காப்பாற்றும்.

மனைவி, புதுக்கோட்டை: அவர் சிரமப்படுவதைப் பார்த்தால் பின்னால் போய்த் தள்ளத் தோன்றுகிறது. தள்ளலாமா?

கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். ஏற்றத்தில் அவசியம் கேளுங்கள்.

வழக்கறிஞர், சென்னை: கட்டிலுக்கும் காருக்கும் மாறும்போதுதான் சுருக்கென்று வலிக்கிறது. என்ன செய்ய?

தோளுக்கு மிகப் பெரிய சுமை விழுவது அந்த நொடியில்தான்; உடம்பின் எடை முழுவதும் இரண்டு கையில். முதலில் கட்டிலின் உயரத்தை நாற்காலிக்குச் சமமாக்குங்கள். மேட்டுக்கு ஏறுவதுதான் கொடுமை. கட்டிலை அறுத்துச் சரிசெய்ய ஒரு தச்சர் போதும். கையை உடம்பை ஒட்டி ஊன்றுங்கள், தூரத்தில் ஊன்றினால் தோள் விரிந்து நசுங்கும். உள்ளங்கையைத் தட்டையாகப் பதிப்பதை விட விளிம்பை விரல்களால் பிடித்தால் மணிக்கட்டுக்கும் நல்லது. உட்கார்ந்து சறுக்கும் பலகை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே கையை முன்னால் விடாமல் மாற்றி மாற்றிப் பழகுங்கள். நாளைக்கு எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணி, இரண்டைக் குறைக்க வழி பாருங்கள்.

தையல் கடை நடத்துபவர், திருப்பூர்: புண் வராமல் இருக்க அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொன்னார்கள். தோள் வலிக்கிறதே?

புண்ணைத் தடுக்க வேண்டியது கட்டாயம். தூக்கித்தான் தடுக்க வேண்டும் என்பதில்லை. அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் முழுசாகத் திரும்பக் கிட்டத்தட்ட 2 நிமிஷம் ஆகும் என்று அளந்திருக்கிறார்கள். கையை ஊன்றி 2 நிமிஷம் தூக்கி நிற்க யாரால் முடியும்? முன்னால் குனிந்து மார்பைத் தொடையருகே கொண்டுவாருங்கள். அல்லது மேஜையில் சாய்ந்து, ஒரு பக்கம் 2 நிமிஷம், மறுபக்கம் 2 நிமிஷம். உங்களுக்குத் தையல் மேஜை எதிரிலேயே இருக்கிறது. பிருஷ்டமும் பிழைக்கும், தோளும் பிழைக்கும்.

ஜிம் போகும் இளைஞர், வேலூர்: பெஞ்ச் பிரஸ் நன்றாகப் போடுகிறேன். மார்பும் கையும் கல்லு மாதிரி. இருந்தும் தோள் வலி. ஏன் அக்கா?

ரிம்மைத் தள்ளும்போதே மார்புத் தசையும் முன்தோள் தசையும் நாளெல்லாம் ஜிம் செய்கின்றன தம்பி. பெஞ்ச் பிரஸும் அவற்றுக்கே போகிறது. பின்பக்கம் பட்டினி கிடக்கிறது. பலமான முன்பக்கம் தோளை முன்னால் இழுக்க, எலும்புத் தலையைப் பிடித்துவைக்க வேண்டிய பின்தசைகள் தோற்றுவிடுகின்றன.

ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டு. முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பு. பிறகு பட்டையை நேராக உன் பக்கம் இழுத்து, முதுகுத் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று சேர். மார்பை நீட்டிவிடும் பயிற்சியையும் சேர்த்துக்கொள். அமெரிக்காவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் இப்படி வீட்டிலேயே 12 வாரம் செய்யவைத்து, ஓட்டும் முறையையும் மாறும் முறையையும் திருத்தினார்கள். வலி நன்றாகக் குறைந்ததாக 2011-இல் எழுதினார்கள். வலி இருக்கும்போது தலைக்கு மேல் எடை தூக்காதே. முதலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டிவிடு.

அரசு ஊழியர், கடலூர்: மோட்டார் பொருத்தினால் சோம்பேறி ஆகிவிடுவோமா?

ஆக மாட்டோம். கையால் ரிம்மைத் தள்ளுவது சிக்கனமான வழியே இல்லை. உடம்பு எரிக்கும் சக்தியில் 10 சதவீதம் போல்தான் ஓட்டமாக மாறுகிறது. கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள் அதை விட மேல். சென்னை ஐ.ஐ.டி.-யில் வளர்ந்த நியோமோஷன் நிறுவனத்தின் ‘நியோபோல்ட்’ மாதிரி முன்னால் மாட்டும் மோட்டார் வண்டி, ஆபீசுக்குப் போகிற தூரத்தைத் தோளிடமிருந்து வாங்கிக்கொள்ளும். உடற்பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். பயணத்தைப் பயிற்சியாக்க வேண்டாம்.

புத்தகக் கடைக்காரர், கும்பகோணம்: எந்த வலிக்கு டாக்டரிடம் ஓட வேண்டும்?

தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கை தூக்க முடியாத பலவீனம், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரமரப்பு. இந்த மூன்றில் எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். விரல் மரப்பு என்றால் மணிக்கட்டு நரம்பு நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: சட்டை போடும்போது எவ்வளவு வலி, முதுகு தேய்க்கும்போது, சாய்தளம் ஏறும்போது, தூங்கும்போது எவ்வளவு வலி, ஒவ்வொன்றுக்கும் 10-க்கு எத்தனை. 15 காரியங்களுக்கு இப்படி மார்க் போடும் முறை 1995-லிருந்தே உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ‘தோள் வலிக்குது டாக்டர்’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு முடிந்துபோகும்.

பள்ளி மாணவி, ராணிப்பேட்டை: சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு கையால் பெரிய வேலை செய்தவர் யாராவது நம் பக்கத்தில் உண்டா?

உன் பக்கத்து ஊரிலேயே உண்டு கண்ணு. வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-இல் மறுவாழ்வு மையமும் எழுந்தது. பிறர் கையைத் திருத்திய கை அது.

தாய், தேனி: மகனுக்கு 19 வயது. விபத்துக்குப் பிறகு அடுத்த மாதம் வீடு திரும்புகிறான். இப்போது அவனுக்கு வலி எதுவும் இல்லை. முதலில் எதைச் செய்யட்டும்?

வலி இல்லாத இந்த நாள்தான் சரியான நாள் அம்மா. டிஸ்சார்ஜுக்கு முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். அவன் அளவுக்குச் செய்த, அச்சை நகர்த்த முடிகிற, முடிந்தவரை லேசான நாற்காலிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மற்றச் செலவில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். நீட்டித் தள்ளவும் கையைத் தாழ விடவும் பிசியோவிடம் கற்றுக்கொள்ளட்டும். முதலில் படிந்த பழக்கம்தான் கடைசிவரை நிற்கும். வீட்டில் கட்டிலும் கழிப்பறை இருக்கையும் நாற்காலி உயரத்துக்கு வந்துவிடட்டும், அவன் தினமும் எடுக்கிற பொருள்கள் தோளுக்குக் கீழே இருக்கட்டும். உடம்பு எடை ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் தோள்தான் சுமக்கும். பத்தொன்பது வயதுத் தோள் அறுபது வருஷம் உழைக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இந்த மாதமே தொடங்குங்கள்.